கரெக்டா காட்டுற மீட்டர் எது?

மல்ட்டிமீட்டர் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கிற முதல் கேள்வி அநேகமாக ஒன்றுதான். "எது சார் நல்லா கரெக்டா காட்டும்?" கடைக்காரரும் சளைக்காமல் ஒரு முள் மீட்டரை எடுத்து வைப்பார். "இது 20 கே சார். நல்ல சென்சிட்டிவ்." வாங்கினவருக்குப் பதில் கிடைத்த திருப்தி, விற்றவருக்கு வியாபாரம் முடிந்த திருப்தி. கேட்ட கேள்விக்கும் சொன்ன பதிலுக்கும் சம்பந்தமே இல்லை என்பது மட்டும் இரண்டு பேருக்கும் தெரியாது. தெருப் பெயர் கேட்டவனுக்கு வீட்டு நம்பரைச் சொன்ன கதைதான் :-)

இந்தக் குழப்பம் கடையோடு முடிந்தால் பரவாயில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். பாலிடெக்னிக், இன்ஜினியரிங் காலேஜ் லேப்களுக்குள்ளும் இதுதான் உட்கார்ந்திருக்கிறது. அங்கே இதனால் பையன்கள் பொய் எழுதப் பழகுகிறார்கள். வீட்டு ஒயரிங்கில் இதனால் தேவையில்லாத செலவு வருகிறது, சில சமயம் ஆபத்தும் வருகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. கொஞ்சம் கணக்கு வரும், பயப்படாதீர்கள். ஓம் விதியைத் தாண்டி ரொம்ப தூரம் போக மாட்டேன்.

"கரெக்ட்" என்கிற ஒரே வார்த்தைக்குள் மூன்று விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. தமிழில் இன்னும் மோசம், எல்லாவற்றுக்கும் "துல்லியம்" என்று போட்டுவிடுகிறோம். பள்ளிப் புத்தகத்தில் துல்லியத்தன்மை, நுட்பம் என்று இரண்டாகப் பிரித்திருப்பார்கள். பரீட்சை முடிந்ததும் யாரும் அதை ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. நான் மூன்றாகவே பிரித்துக்கொள்கிறேன்.

1. உணர்திறன்: எவ்வளவு குறைந்த மின்னோட்டத்துக்கு முள் அசையும்? அதாவது, முள்ளை அசைக்க மீட்டர் நம் சர்க்யூட்டிலிருந்து எவ்வளவு திருடும்?

2. நுட்பம்: அதே இடத்தைப் பத்து தடவை அளந்தால் பத்து தடவையும் அதே இடத்தில் முள் நிற்குமா? எவ்வளவு சின்ன வித்தியாசத்தைக் கண்ணால் பிரித்துப் படிக்க முடியும்?

3. துல்லியத்தன்மை: முள் காட்டுகிற எண், மீட்டரின் இரண்டு முனைகளுக்கு நடுவே உண்மையிலேயே இருக்கிற வோல்டேஜுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது?

மூன்றாவதில் "மீட்டரின் இரண்டு முனைகளுக்கு நடுவே" என்று எழுதியிருப்பதை இன்னொரு தடவை படித்துவிடுங்கள். வம்பே அங்கேதான் இருக்கிறது. மீட்டரை வைப்பதற்கு முன்னால் அங்கே எவ்வளவு இருந்தது என்று அது சொல்லாது. அதற்குத் தெரியவும் தெரியாது. ஒரு டம்ளர் காபி எவ்வளவு சூடு என்று பார்க்க, கல்யாண வீட்டு அண்டாக் கரண்டியை உள்ளே விட்டால் காபி ஆறிப்போகும். கரண்டியில் எவ்வளவு நல்ல தெர்மாமீட்டரை ஒட்டியிருந்தாலும், ஆறின காபியின் சூட்டைத்தான் அது சரியாகச் சொல்லும்.

சரி, அந்த 20 கே எங்கிருந்து வந்தது?

முள் மீட்டருக்குள் இருப்பது ஒரு நிலைக்காந்தம், அதன் நடுவில் ஒரு சின்னக் காயில், காயிலைப் பிடித்து இழுக்க முடி போன்ற ஸ்பிரிங். தார்சன்வால், வெஸ்டன் என்று பெயர் சொல்வார்கள், 1880-களின் சரக்கு. முள் கடைசிக் கோடு வரைக்கும் போக 50 மைக்ரோ ஆம்பியர் தேவைப்படுகிற காயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 வோல்ட்டுக்கு 50 மைக்ரோ ஆம்பியர் ஓட வேண்டுமானால் மொத்த மின்தடை 20,000 ஓம் இருக்க வேண்டும். அவ்ளோதான், 20,000 ஓம்/வோல்ட். காயிலுக்கு 1 மில்லி ஆம்பியர் வேண்டுமென்றால் 1,000 ஓம்/வோல்ட். இந்த எண்ணை ரேஞ்சால் பெருக்கினால் மீட்டரின் மொத்த மின்தடை வந்துவிடும். 20 கே மீட்டரை 10 வோல்ட் ரேஞ்சில் வைத்தால் அது 200 கிலோ ஓம் ரெசிஸ்டர், 50 வோல்ட் ரேஞ்சில் வைத்தால் 1 மெகா ஓம் ரெசிஸ்டர்.

ஆக, 20 கே என்பது மீட்டர் எவ்வளவு "கரெக்ட்" என்று சொல்லவே இல்லை. சர்க்யூட்டை எவ்வளவு தொந்தரவு செய்யும் என்று மட்டும்தான் சொல்கிறது. முகப்பின் மூலையில் சின்னதாக 1.5 என்றோ 2.5 என்றோ இன்னொரு எண் இருக்கும், அதுதான் துல்லியத்தன்மைக்கான வகுப்பு. ஐ.எஸ். 1248 என்கிற இந்தியத் தர நிர்ணயத்திலும் இந்த வகுப்பு முறைதான். 2.5 என்றால் கடைசிக் கோட்டின் மதிப்பில் 2.5 சதவீதம் வரை இப்படியோ அப்படியோ இருக்கலாம் என்று அர்த்தம். அந்த எண்ணைக் கேட்டு மீட்டர் வாங்கியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இப்போது ஒரு சோதனை. வீட்டிலேயே செய்து பார்க்கலாம், செலவு பத்து ரூபாய்க்குள். இரண்டு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக இணைத்து 12 வோல்ட் கொடுங்கள். நடுப்புள்ளியில் எவ்வளவு இருக்கும்? பத்தாம் வகுப்புப் பையன்கூட 6 வோல்ட் என்று சொல்லிவிடுவான். விதவிதமான மீட்டர்களை அந்த நடுப்புள்ளிக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் வைத்தால் என்ன காட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டால் இப்படி வரும்:

1,000 ஓம்/வோல்ட், 10 வோல்ட் ரேஞ்ச்: 1.0 வோல்ட்
2,000 ஓம்/வோல்ட், 10 வோல்ட் ரேஞ்ச்: 1.7 வோல்ட்
20,000 ஓம்/வோல்ட், 10 வோல்ட் ரேஞ்ச்: 4.8 வோல்ட்
20,000 ஓம்/வோல்ட், 50 வோல்ட் ரேஞ்ச்: 5.7 வோல்ட்
10 மெகா ஓம் டிஜிட்டல்: 5.97 வோல்ட்

முதல் வரியைப் பாருங்கள். அது 0.5 வகுப்பு லேப் மீட்டராகவே இருக்கட்டும். தேக்குப் பெட்டி, கண்ணாடி பதித்த ஸ்கேல், கத்தி முனை போன்ற முள். 10 வோல்ட் ரேஞ்சில் அதன் பிழை வரம்பு 0.05 வோல்ட். காலையில் அளந்தாலும் சாயங்காலம் அளந்தாலும் 1.0 என்றே காட்டும். நுட்பம் பிரமாதம், துல்லியத்தன்மையும் பிரமாதம். மீட்டர் பொய் சொல்லவில்லை, அதை வைத்திருக்கிற வரைக்கும் அங்கே நிஜமாகவே 1 வோல்ட்தான் இருக்கிறது. ஆனால் நாம் கேட்டது 6-ஐப் பற்றி. அதே சமயம் 2.5 வகுப்பிலோ 3 சதவீதத்திலோ இருக்கிற சாதாரண 20 கே முள் மீட்டர், முள் கொஞ்சம் தடுமாறினாலும் உண்மைக்கு எவ்வளவோ பக்கத்தில் வந்துவிடுகிறது.

பத்து ரீடிங் எடுத்துச் சராசரி போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஆகாதுங்க. பத்து தடவை 4.8 எடுத்துச் சராசரி போட்டால் 4.8-தான் வரும். முள் முன்னே பின்னே ஆடுகிற பிழைக்குத்தான் சராசரி மருந்து. எல்லா ரீடிங்கையும் ஒரே பக்கம் இழுக்கிற பிழையை அது தொடக்கூட முடியாது.

இனி லேப் சமாச்சாரம். என் ஆதங்கமே இதுதான்.

பொட்டன்ஷியல் டிவைடர் சோதனையோ, டிரான்சிஸ்டர் பயஸிங் சோதனையோ, எதுவாக இருந்தாலும் பையன் கணக்குப் போட்டு 6 என்று எழுதி வைத்திருப்பான். மீட்டர் 4.8 காட்டும். சாரிடம் போவான். என்ன பதில் வரும் என்று லேப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். "ரீடிங் எரர்ப்பா. 5.9-னு போட்டுக்கோ." பையனும் 5.9 என்று ரெக்கார்டு நோட்டில் எழுதி, கீழே "கணக்கிட்ட மதிப்பும் அளந்த மதிப்பும் ஏறக்குறைய சமம்" என்று முடித்துவிடுவான். கையெழுத்தும் வாங்கிவிடுவான்.

இதில் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். அந்தச் சோதனையிலிருந்து கிடைத்த ஒரே புது விஷயம் 4.8-தான். 6 என்பது மின்சாரமே இல்லாமல் பேப்பரில் வந்த எண். அன்றைக்குப் பாடமே அந்த 1.2 வோல்ட் வித்தியாசத்தில்தான் இருந்தது, அதை ரப்பர் வைத்து அழித்துவிட்டோம். "ஐடியல் வோல்ட்மீட்டரின் மின்தடை எவ்வளவு?" என்கிற இரண்டு மார்க் கேள்விக்கு இதே பையன் பிளஸ் டூவில் "முடிவிலி" என்று எழுதி இரண்டு மார்க்கும் வாங்கியிருப்பான். கால்வனோமீட்டரை வோல்ட்மீட்டராக மாற்றுவது எப்படி என்று ஐந்து மார்க்குக்குப் படம் வேறு போட்டிருப்பான். கையில் இருக்கிற மீட்டரின் மின்தடை 200 கிலோ ஓம்தான், அதைத் தன் சர்க்யூட்டுக்குப் பக்கவாட்டில் மூன்றாவது ரெசிஸ்டராக வரைந்து திரும்பக் கணக்குப் போட்டால் சரியாக 4.8 வரும் என்று மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. போட்டுப் பார்த்திருந்தால் அசந்துபோயிருப்பான்.

டிரான்சிஸ்டரில் இது இன்னும் வேடிக்கை. 12 வோல்ட் சப்ளை, மேலே 47 கிலோ ஓம், கீழே 10 கிலோ ஓம். பேஸில் 2.1 வோல்ட் இருக்க வேண்டும். 20 கே மீட்டரை 2.5 வோல்ட் ரேஞ்சில் வைத்தால் அது 50 கிலோ ஓம் ரெசிஸ்டர், ரீடிங் 1.8 பக்கத்தில் வரும். 0.3 வோல்ட் என்ன பெரிய விஷயம் என்பீர்கள். பேஸ் இறங்கினால் எமிட்டரும் இறங்கும், கலெக்டர் கரண்ட் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையும், கலெக்டர் வோல்டேஜ் ஏறிவிடும். அதாவது மீட்டர் வைக்கிறபோது இருப்பது ஒரு ஆம்ப்ளிஃபையர், எடுத்த பிறகு இருப்பது வேறு ஆம்ப்ளிஃபையர்.

"அப்போ உணர்திறனை ஏற்றிக்கொண்டே போக வேண்டியதுதானே? 20 கே என்ன, 200 கே செய்யட்டுமே?" நியாயமான கேள்வி. இங்கேதான் உணர்திறனும் நுட்பமும் நேருக்கு நேர் முட்டிக்கொள்கின்றன.

குறைந்த மின்னோட்டத்தில் முள் முழுத் தூரம் போக வேண்டுமென்றால் மூன்று வழிகள். காயிலில் சுற்றுகளைக் கூட்டலாம். கூட்டினால் கம்பி மெல்லியதாக வேண்டும், காயிலின் எடையும் மின்தடையும் ஏறும். காந்தத்தை வலுவாக்கலாம், அதற்கும் ஒரு எல்லை உண்டு. மூன்றாவது, ஸ்பிரிங்கைத் தளர்த்தலாம். தளர்த்தினால் முள்ளைத் தள்ளுகிற விசையும் திரும்ப இழுக்கிற விசையும் இரண்டுமே நோஞ்சான் ஆகிவிடும். அப்போது கல் தாங்கியில் இருக்கிற துளி உராய்வுகூட முள்ளைப் பிடித்து வைக்கும். ஒரே வோல்டேஜுக்கு ஏறும்போது ஒரு இடம், இறங்கும்போது இன்னொரு இடம். படுக்க வைத்தால் ஒரு ரீடிங், நிமிர்த்தி வைத்தால் வேறு ரீடிங். கண்ணாடியைத் துணியால் துடைத்தால் அந்த ஸ்டேடிக் சார்ஜுக்கே முள் எழுந்து நிற்கும். மெதுவாக வாயால் ஊதினால்தான் இறங்கும் (பார்த்தவர்களுக்குத் தெரியும்!). இதெல்லாம் போதாதென்று, கை தவறி மேஜையில் கொஞ்சம் வேகமாக வைத்தாலே ஆள் காலி.

அதனால்தான் தூக்கிக்கொண்டு திரிகிற மீட்டர்கள் பெரும்பாலும் 50 மைக்ரோ ஆம்பியர் பக்கமாக வந்து நின்றன. 20,000 ஓம்/வோல்ட் என்பது வானத்திலிருந்து விழுந்த எண் இல்லை. உராய்வு, எடை, அடிதாங்கும் தன்மை, விலை எல்லாவற்றோடும் பேரம் பேசி வந்த எண். உராய்வைத் தவிர்க்க முனைத்தாங்கிக்குப் பதிலாக இழுத்துக் கட்டிய மெல்லிய உலோகப் பட்டையில் காயிலைத் தொங்கவிட்ட மீட்டர்கள் வந்தன. வால்வு வைத்து, காயிலுக்கு முன்னால் ஒரு ஆம்ப்ளிஃபையர் போட்ட வோல்ட்மீட்டர்கள் வந்தன. அவற்றில் எல்லா ரேஞ்சிலும் 10, 11 மெகா ஓம் கிடைத்தது. பதிலுக்கு, சூடாகிற வரைக்கும் ஜீரோ நகர்ந்துகொண்டே இருக்கும், அடிக்கடி சரிசெய்ய வேண்டும். ஒன்றைக் கொடுத்தால்தான் ஒன்று கிடைக்கும்.

இந்தப் பேரத்துக்கு நல்ல உதாரணம் இங்கிலாந்தின் ஆவோ மீட்டர். ஆம்ப்ஸ், வோல்ட்ஸ், ஓம்ஸ் மூன்றின் முதல் எழுத்துகள்தான் அந்தப் பெயர். பிரிட்டிஷ் தபால் துறையில் இன்ஜினியராக இருந்த டொனால்ட் மெக்காடி உருவாக்கி, 1923-ல் விற்பனைக்கு வந்தது. 1930-களில் வந்த மாடல் 7-ன் உணர்திறன் வெறும் 500 ஓம்/வோல்ட். இன்றைக்குக் கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் அன்றைய ரேடியோ மெக்கானிக்குகளுக்கு அதுதான் அளவுகோல். எந்த அளவுக்கு என்றால், வால்வு ரேடியோக்களின் சர்வீஸ் ஷீட்டுகளில் ஒவ்வொரு வால்வின் ஆனோடிலும் எவ்வளவு வோல்டேஜ் என்று பட்டியல் போட்டுவிட்டு, இவை ஆவோ மாடல் 7-ல் அளந்தவை என்று எழுதியிருப்பார்கள்.

எனக்கு இந்த விஷயத்தில் ரொம்பப் பிடித்தது இந்த ஒரு வரிதான். அந்த ஷீட்டை எழுதினவர்களுக்கு மீட்டர் சர்க்யூட்டை இழுக்கும் என்று நன்றாகவே தெரியும். அதை மறைக்காமல், "இந்த மீட்டரை வைத்தால் இந்த எண் வரும்" என்று சொல்லிவிட்டார்கள். அது உண்மையான ஆனோடு வோல்டேஜா என்றால் பல இடங்களில் இல்லை. ஆனால் மெக்கானிக் தன் மாடல் 7-ஐ வைத்தால் அதே எண் வரும், வராவிட்டால் ரேடியோவில் கோளாறு. இங்கே வேலையைக் காப்பாற்றியது மீட்டரின் நுட்பம். ஒரே மாதிரி தப்பு செய்கிற மீட்டர், தப்பின் அளவு தெரிந்திருந்தால், நம்பகமான மீட்டர்தான். 1951-ல் மாடல் 8 வந்தது, டி.சி.யில் 20,000 ஓம்/வோல்ட். பழைய ஷீட்டை வைத்துக்கொண்டு புது மீட்டரில் அளந்தவர்களுக்கு, நல்ல ரேடியோவிலேயே சில இடங்களில் வோல்டேஜ் கூடுதலாகத் தெரிந்திருக்கும். மீட்டர் பெயரை எழுதி வைத்திருந்ததால் தப்பித்தார்கள். மாடல் 8 பல அவதாரம் எடுத்து 2008 வரை தயாரிப்பில் இருந்தது. அதாவது டிஜிட்டல் வந்து பல வருஷம் கழித்தும்.

இதுவரை படித்துவிட்டு, "ஆக உணர்திறன் கூடக் கூட நல்லது" என்று முடிவு கட்டியிருந்தால் கொஞ்சம் பொறுங்கள். கதை தலைகீழாகிற இடம் ஒன்று இருக்கிறது. அது நம் வீட்டுச் சுவருக்குள்ளேயே இருக்கிறது.

ஒரே பைப்புக்குள் மூன்று ஒயர்கள் 10 மீட்டர் தூரம் ஒன்றாக ஓடுகின்றன. ஒன்றில் ஃபேஸ், ஒன்று நியூட்ரல், மூன்றாவது எங்கேயும் சேராத வெறும் ஒயர். பக்கத்துப் பக்கத்தில் ஓடுகிற இரண்டு ஒயர்கள் ஒரு சின்ன கெப்பாசிட்டர். மீட்டர் நீளத்துக்குச் சுமார் 100 பைக்கோ ஃபாரட் என்று வைத்துக்கொண்டால், அந்த வெறும் ஒயர் ஃபேஸோடு ஒரு 1,000 பைக்கோ ஃபாரட், நியூட்ரலோடு ஒரு 1,000 பைக்கோ ஃபாரட். ஆக 230 வோல்ட்டின் பாதி, 115 வோல்ட், சும்மா அந்த ஒயரில் வந்து உட்கார்ந்திருக்கும். பேய் வோல்டேஜ். ஸ்விட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மினுக் மினுக் என்று எரிவதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம்.

அதை அளந்தால்?

10 மெகா ஓம் டிஜிட்டல்: சுமார் 114 வோல்ட்
ஏ.சி.யில் 9,000 ஓம்/வோல்ட் முள் மீட்டர், 250 ரேஞ்ச்: சுமார் 94 வோல்ட்
ஆவோ 8 (ஏ.சி.யில் 1,000 ஓம்/வோல்ட்), 250 ரேஞ்ச்: சுமார் 18 வோல்ட்
15 வாட் குண்டு பல்பு: எரியவே எரியாது

உணர்திறன் கூடின மீட்டர்தான் இங்கே ஏமாற்றுகிறது. டிஜிட்டலில் 114 பார்த்த எலெக்ட்ரீஷியன் "எங்கேயோ லீக்கேஜ் இருக்கு சார், ஒயரிங்கை மாத்தணும்" என்பார். வீட்டுக்காரர் பாடு திண்டாட்டம். டெஸ்ட் லாம்பை வைத்துப் பார்த்த பழைய ஆள், ஒன்றுமில்லை என்று இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். நியான் டெஸ்டர் இன்னும் மோசம், அதற்குத் தேவைப்படுவது மிகமிகச் சொற்பமான மின்னோட்டம், பேய்க்கும் எரியும். இதற்காகவே இப்போது சில டிஜிட்டல் மீட்டர்களில் லோ-இசட் என்று ஒரு வசதி வைத்து, வேண்டுமென்றே உள் மின்தடையைக் குறைக்கிறார்கள். நூறு வருஷம் பாடுபட்டு ஏற்றின உணர்திறனை இறக்குவதற்கு ஒரு பட்டன் :-)

ஒரு எச்சரிக்கை. பேய் வோல்டேஜ் என்று ஒன்று இருக்கிறது என்பதற்காக, மீட்டர் காட்டுகிற எதையும் "சும்மா பேய்தான்" என்று கையை வைத்துவிடாதீர்கள். பேயா, ஆளா என்று மீட்டர் எண்ணைப் பார்த்து ஊகிக்க முடியாது. மெயினை அணைத்துவிட்டு, உயிருள்ள ஒரு இடத்தில் மீட்டரைச் சோதித்து, வேலை செய்கிற ஒயரைப் பார்த்து, திரும்பவும் உயிருள்ள இடத்தில் சோதிக்க வேண்டும். இந்த மூன்று படியைத் தாண்டிக் குறுக்கு வழி கிடையாது.

அடுத்து வரப்போகிற ஆட்சேபணை தெரிந்ததுதான். "இந்தக் காலத்துல யாருங்க முள் மீட்டர் வச்சிருக்கா? டிஜிட்டல் வாங்கினா எல்லாம் சரியாப் போயிடும்."

போகாது. ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் ரொம்ப மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் நிற 830 வகை டிஜிட்டலின் உள் மின்தடை 1 மெகா ஓம்தான். மேலே சொன்ன 6 வோல்ட் நடுப்புள்ளியில் அதை வைத்தால் 5.71 காட்டும். 20 கே முள் மீட்டர் 50 வோல்ட் ரேஞ்சில் காட்டிய அதே 5.7! ஒரே வித்தியாசம், முள் மீட்டரில் பார்க்கிறவர் "ஐந்தே முக்கால் இருக்கும்போல" என்று கொஞ்சம் சந்தேகத்தோடு படிப்பார். டிஜிட்டலில் பார்க்கிறவர் "5.71" என்று சத்தியம் செய்வார். புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வந்துவிட்டால் நமக்கு வருகிற நம்பிக்கை இருக்கிறதே, அதற்கு அளவே கிடையாது. இலக்கங்கள் கூடினால் நுட்பம் கூடினதுபோலத் தெரியும். துல்லியத்தன்மை கூடியிருக்கலாம், கூடாமலும் இருக்கலாம். சர்க்யூட்டை இழுக்காமல் விட்டதா என்பது மூன்றாவது, தனிக் கேள்வி.

ஆக மீட்டர் முள்ளோ எண்ணோ, கேட்க வேண்டிய கேள்விகள் அதேதான். முள் மீட்டரில் ஒரு வசதி, அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் முகப்பிலேயே அச்சாகியிருக்கும். நான் எப்படிப் பார்ப்பேன் என்று சொல்கிறேன்.

முதலில், அளக்கப் போகிற புள்ளியின் மின்தடை என்ன என்று மனக்கணக்காக ஒரு குத்துமதிப்பு. மீட்டரின் மின்தடை அதைப்போல நூறு மடங்கு இருந்தால் பிழை ஒரு சதவீதத்துக்குள் அடங்கும், கவலையில்லை. பத்து மடங்குதான் என்றால் ஒன்பது சதவீதம் போய்விடும். கார் பேட்டரி, பவர் சப்ளை மாதிரி இடங்களில் 1,000 ஓம்/வோல்ட் மீட்டரே தாராளம். அங்கே உணர்திறனுக்குக் காசு கொடுப்பது வீண், நல்ல வகுப்பு மீட்டருக்குக் கொடுக்கலாம்.

இரண்டாவது, சந்தேகம் இருந்தால் ரேஞ்சை மாற்றிப் பார்ப்பது. 10 ரேஞ்சில் 4.8, 50 ரேஞ்சில் 5.7 என்று ஏறினால் மீட்டர் இழுக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். முள் மீட்டரில் இது இலவசமாகக் கிடைக்கிற சோதனை. எல்லா ரேஞ்சிலும் ஒரே மின்தடை இருக்கிற டிஜிட்டலில் இது கிடைக்காது. இதில் ஒரு தர்மசங்கடமும் உண்டு. 3 சதவீத மீட்டர் என்றால் 10 ரேஞ்சில் பிழை வரம்பு 0.3 வோல்ட், 50 ரேஞ்சில் அதுவே 1.5 வோல்ட். ரேஞ்சை ஏற்றினால் சர்க்யூட் தப்பிக்கிறது, ஆனால் ரீடிங்கின் பிழை வரம்பு ஐந்து மடங்கு அகலமாகிறது, கோடுகளைப் பிரித்துப் படிப்பதும் கஷ்டம். அதனால் ரீடிங் மாறினால் எச்சரிக்கை மணி என்று எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் வைத்து உண்மை மதிப்பைப் பிடித்துவிட்டதாக நினைக்காதீர்கள். உணர்திறனா நுட்பமா என்கிற சண்டை முழுவதும் அந்த ஒரு குமிழைத் திருகுவதிலேயே இருக்கிறது.

மூன்றாவது, முள் ஸ்கேலின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் நிற்கிற மாதிரி ரேஞ்ச் வைப்பது (ஓம் ஸ்கேலுக்கு மட்டும் நடுப்பக்கம்). 12 வோல்ட் பேட்டரியை 250 ரேஞ்சில் பார்த்துவிட்டு "11.5 இருக்கு, பேட்டரி வீக்" என்று சொல்வது கிளி ஜோசியம். 3 சதவீதம் என்றால் அங்கே பிழை வரம்பே 7.5 வோல்ட்.

நான்காவது, ரீடிங்கோடு மீட்டரின் பெயரையும் ரேஞ்சையும் எழுதுவது. "4.8 வோல்ட், 20 கே, 10 ரேஞ்ச்." அந்தக் காலத்து சர்வீஸ் ஷீட் எழுதினவர்கள் செய்த அதே காரியம். ஒரு வரி கூடுதலாக எழுத ஐந்து விநாடி ஆகும்.

லேப் நடத்துகிற சார்களுக்கும் மேடம்களுக்கும் ஒரு கோரிக்கை. 4.8 என்று கொண்டுவருகிற பையனிடம் 5.9 போடச் சொல்லாதீர்கள். "ஏன் 4.8 வந்துச்சு, மீட்டரையும் சர்க்யூட்ல சேர்த்து வரைஞ்சு கொண்டா" என்று திருப்பி அனுப்புங்கள். பதினைந்து நிமிஷத்தில் போட்டுக்கொண்டு வந்துவிடுவான், அதற்கு முழு மார்க் போடுங்கள். 6 என்று சுத்தமாக எழுதிக் கொண்டுவருகிற பையனை மட்டும் கூப்பிட்டு, எந்த மீட்டரில் அளந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பி.கு: கடைக்குப் போகிறவர்கள் "எது கரெக்டா காட்டும்" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "வோல்ட்டுக்கு எத்தனை ஓம், வகுப்பு என்ன" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பரவாயில்லை, மீட்டரின் முகப்பிலேயே எழுதியிருக்கும், நீங்களே படித்துக்கொள்ளலாம்.